பெரிய பறவை பாடம் சொன்னதா?



இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டிவிட்ட ஓர் அமெரிக்கரிடம், "சின்ன வயதில் தொலைக்காட்சியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் முகம் மலர்ந்துவிடும். எட்டடி உயரமுள்ள மஞ்சள் பறவை ஒன்றைப் பற்றிச் சொல்வார். குப்பைத் தொட்டிக்குள் குடியிருந்துகொண்டு, போவோர் வருவோரிடம் எல்லாம் சிடுசிடுக்கும் ஆஸ்காரைப் பற்றிச் சொல்வார். பிஸ்கோத்தைக் கண்டதும் பாய்ந்து விழுங்கும் நீலநிற அரக்கனைப் பற்றியும், எதைக் கண்டாலும் எண்ணத் தொடங்கிவிடும் பொம்மைக் கோமகனைப் பற்றியும் சொல்வார். சொல்லும்போதே அவர் மீண்டும் ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுவார்!

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'செசமி ஸ்ட்ரீட்'. அலிபாபா குகை வாசலில் நின்று "திறந்திடு சீசேம்" என்றானே, அந்தச் சீசேம்தான் செசமி. அறிவுப் புதையலின் கதவைத் திறக்கும் தெரு என்பது கருத்து. 1969-ல் தொடங்கிய இந்நிகழ்ச்சி 2019-ல் பொன்விழாக் கண்டது.

நினைவு இனிக்கிறது, சரி. ஆனால் அறிவியல் மாணவர் அதோடு விட்டுவிடலாமா? திருவிழாவில் தின்ற பஞ்சுமிட்டாயும்தான் நினைவில் இனிக்கிறது. அதனால் உடம்புக்கு வலு ஏறியது என்று சொல்ல முடியுமா? அந்தப் பறவை உண்மையிலேயே குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்ததா? கற்றுக்கொடுத்தது என்றால், அதை எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை, நிகழ்ச்சியைப் போலவே சுவையானது.

விளம்பரத்திலிருந்து வந்த யோசனை

லாயிட் மாரிசெட் என்பவர் ஓர் உளவியலறிஞர். கல்விக்கு நிதி வழங்கும் கார்னகி நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் விடியற்காலை, மூன்று வயதான அவருடைய மகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சிகள் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. திரையில் கோடுகளும் வட்டங்களும் கொண்ட சோதனைப் படம் மட்டுமே தெரிந்தது. அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்! விளம்பரப் பாட்டுகளோ அவளுக்கு மனப்பாடம்.

1966 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு விருந்து. அதை நடத்தியவர் ஜோன் கான்ஸ் கூனி என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். விருந்துக்கு வந்த மாரிசெட் அவரிடம், "தொலைக்காட்சியைக் கொண்டு சிறு குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட முடியுமா?" என்று கேட்டார்.

அக்காலத்தில் அமெரிக்காவை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முதல் நாளிலேயே மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். முன்பள்ளிக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சோப்பை விற்கும் விளம்பரம் குழந்தைகளின் மனத்தில் அப்படி ஒட்டிக்கொள்கிறதே, எழுத்தையும் எண்ணையும் அதே முறையில் ஒட்டவைத்தால் என்ன? சின்னச் சின்னத் துண்டுகள், துள்ளும் இசை, அடிக்கடி திரும்ப வருதல். இதுதான் கூனியின் யோசனை.

1968-ல் 'குழந்தைகள் தொலைக்காட்சிப் பட்டறை' என்ற அமைப்பு உருவாயிற்று. அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 80 லட்சம் டாலர் தந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு லெசர், உளவியலறிஞர்களையும் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். குழந்தை எதைக் கற்க வேண்டும் என்பது முதலில் முடிவாயிற்று. பிறகுதான் பாட்டும் கதையும் எழுதப்பட்டன.

ஏழரை வினாடிக்கு ஒரு படம்

நிகழ்ச்சியைக் குழந்தை விரும்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "பிடித்திருக்கிறதா, கண்ணா?" என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை "உம்" என்று தலையாட்டும். அது ஓர் அளவீடு ஆகாது அல்லவா?

ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் எட்வர்டு பால்மர் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையை வைத்தார். அதில் ஏழரை வினாடிக்கு ஒரு முறை வண்ணப்படம் ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். வானவில், கட்டிடம் என்று ஏதாவது ஒன்று. குழந்தையை இரண்டுக்கும் முன்னால் உட்காரவைத்துவிட்டு, ஆய்வாளர் ஒருவர் அதன் கண்களையே கவனிப்பார். குழந்தை தொலைக்காட்சியைப் பார்க்கும் நேரம் எவ்வளவு, பக்கத்துத் திரைக்குக் கண் ஓடும் நேரம் எவ்வளவு என்று பதிவு செய்வார்.

இப்படிப் பல குழந்தைகளைப் பார்த்தபின் அந்தக் கணக்கை வரைபடமாக வரைந்தார்கள். எந்த வினாடியில் கவனம் ஏறுகிறது, எந்த வினாடியில் இறங்குகிறது என்பது மலையும் பள்ளத்தாக்குமாகத் தாளில் தெரிந்தது. பள்ளத்தாக்கு எங்கே விழுகிறதோ, அங்கே நிகழ்ச்சியில் ஏதோ கோளாறு. பெரியவர்கள் நெடுநேரம் பேசும் இடங்களில் கண்கள் ஓடின. பொம்மையும் அசைபடமும் இசையும் வந்தால் ஒட்டிக்கொண்டன.

பறவை பிறந்த கதை

1969 ஜூலையில் ஐந்து ஒருமணி நேர மாதிரி நிகழ்ச்சிகளைத் தயாரித்துக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். அதில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது.

பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பொம்மைகள் தோன்றும் பகுதிகள் தனியாக இருந்தன. தெருவில் மனிதர்கள் நடமாடும் பகுதிகள் தனியாக இருந்தன. உண்மை மனிதரையும் கற்பனைப் பொம்மையையும் ஒரே காட்சியில் சேர்த்தால் சிறுவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று உளவியலறிஞர்கள் சிலர் எச்சரித்திருந்ததுதான் காரணம். ஆனால் சோதனை என்ன சொன்னது? பொம்மை வந்தால் கவனம் மலை உச்சியில் நின்றது. தெருக்காட்சி வந்ததும் பள்ளத்தாக்கில் விழுந்தது. அந்தத் தெருதான் நிகழ்ச்சிக்கே பெயர் கொடுத்தது!

தயாரிப்பாளர்கள் அறிஞர்களின் ஊகத்தைவிடக் குழந்தைகளின் கண்களை நம்பினார்கள். தெருவிலேயே பொம்மைகளைக் குடியேற்றத் தீர்மானித்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் 8 அடி 2 அங்குல உயரமுள்ள மஞ்சள் பறவையும், குப்பைத் தொட்டி ஆஸ்காரும். இன்று பச்சை நிறமாக எல்லோருக்கும் தெரிந்த ஆஸ்கார் முதல் ஆண்டில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது ஒரு வேடிக்கை.

இரண்டையும் இயக்கியவர் ஒருவரே. கரோல் ஸ்பின்னி என்ற அந்தக் கலைஞர், 2018-ல் ஓய்வு பெறும் வரை ஏறக்குறைய 50 ஆண்டுகள் பறவைக்கு உயிர் கொடுத்தார். வலக்கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக்கொள்வார். அதுதான் பறவையின் கழுத்து. கைவிரல்கள் அலகைத் திறந்து மூடும். சுண்டுவிரல் ஒரு சிறு நெம்புகோலை அசைத்து இமைகளை இயக்கும். இடக்கை இடச்சிறகுக்குள் இருக்கும். அப்படியானால் வலச்சிறகு? அதற்குக் கை மிச்சமில்லையே! இடச்சிறகிலிருந்து ஒரு மீன்பிடி நரம்பு, கழுத்துக்குக் கீழே உள்ள வளையம் வழியாக வலச்சிறகுக்குப் போகும். இடச்சிறகு தாழ்ந்தால் வலச்சிறகு உயரும். கிணற்றுக் கப்பியில் ஒரு வாளி இறங்கினால் மறுவாளி ஏறுவதைப் போலத்தான்! வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிவதற்காக, மார்பில் ஒரு குட்டித் தொலைக்காட்சிப் பெட்டி கட்டப்பட்டிருக்கும்.

குருவை முந்தும் சீடர்கள்

ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகர் கம்பீரமான குரலுக்குப் பேர்போனவர். ஆங்கில எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும் காட்சி ஒன்றை எடுத்தார்கள். அவர் அவசரப்படவே மாட்டார். முதலில் எழுத்து திரையில் தோன்றும். அவர் சற்று நேரம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகே அதன் பெயரைச் சொல்வார்.

இந்த மந்தமான காட்சி எடுபடுமா என்று ஐயப்பட்டவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. முதல் தடவை பார்த்த குழந்தைகள் அவரைத் தொடர்ந்து எழுத்தைச் சொன்னார்கள். சில தடவை பார்த்தபின், எழுத்து தோன்றியதும் அவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். இன்னும் சில தடவை ஆனதும், எழுத்து தோன்றுவதற்கு முன்பே அடுத்தது என்ன என்று கூவினார்கள்! குருவைச் சீடர்கள் முந்திவிட்டார்கள். அந்த மௌன இடைவெளிதான் குழந்தைக்குச் சிந்திக்க நேரம் கொடுத்தது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சலிக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். பாட்டியிடம் ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்கும் பிள்ளைக்கு அது சலிப்பதில்லை.

தெருவுக்கு ஒரு தடை

1969 நவம்பர் 10-ஆம் நாள் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. விளம்பரதாரர்களின் பெயரைச் சொல்வதுபோல், இன்றைய நிகழ்ச்சியை வழங்குவோர் டபிள்யூ, எஸ், ஈ என்ற எழுத்துகளும் 2, 3 என்ற எண்களும் என்று அறிவித்தார்கள்!

அந்தத் தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள். இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1970-ல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக் குழு இந்நிகழ்ச்சியைத் தன் மாநிலத்தில் ஒளிபரப்பக் கூடாதென்று வாக்களித்தது. செய்தி வெளியே கசிந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 22 நாட்களில் தடை நீங்கியது.

ஹூப்பர் எங்கே?

செசமித் தெருவில் ஒரு சிறு கடை உண்டு. கடைக்காரர் ஹூப்பர் என்ற முதியவர். பெரிய பறவை அவர் பெயரை எப்போதும் தப்பாகவே சொல்லும். அவரும் எப்போதும் திருத்துவார். அந்த வேடத்தில் நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார்.

இனி என்ன செய்வது? வேறு நடிகரைப் போடலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளிலும் குழந்தையிடம் அப்படித்தானே சொல்வோம்? "தாத்தா சாமிகிட்ட போயிட்டார், அப்புறம் வருவார்" என்போம். இவர்களோ உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். குழந்தை உளவியலறிஞர்களைக் கலந்தார்கள். எழுதிய காட்சியைக் குழந்தைகளிடம் முன்னதாகச் சோதித்தும் பார்த்தார்கள். 1983 நவம்பர் 24-ஆம் நாள் அது ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவில் அன்று நன்றி கூறும் திருநாள். விடுமுறையாதலால் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய பறவை தன் நண்பர்களின் படங்களைத் தானே வரைந்து எல்லோருக்கும் கொடுக்கிறது. ஹூப்பர் படத்தைக் கொடுக்க அவரைத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் மெல்ல எடுத்துச் சொல்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அதற்கு யாரிடமும் சரியான விடையில்லை. அந்தப் படம் பறவையின் கூட்டில் மாட்டப்படுகிறது. அன்று பார்த்த பிள்ளைகள் பலர் இன்றும் மறக்காத காட்சி இது.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 1992-ல் பெற்றோரின் மணமுறிவைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைப் படம்பிடித்தார்கள். ஒளிபரப்புக்கு முன் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். அப்பாவும் அம்மாவும் சண்டையிட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் புரிந்துகொண்டார்கள். செலவழித்த பணத்தையும் உழைப்பையும் பாராமல் அந்த நிகழ்ச்சியைக் கிடப்பில் போட்டார்கள். அது ஒளிபரப்பாகவே இல்லை. சோதனை "வேண்டாம்" என்று சொன்னால் அதற்குக் கட்டுப்படுவது எளிதான செயலன்று.

கற்றார்களா?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம்.

முதலாண்டு முடிந்ததும், கல்வித் தேர்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த சாமுவேல் பால், கெர்ரி ஆன் போகாட்ஸ் ஆகிய இருவர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஒரு தேர்வு, முடிந்தபின் ஒரு தேர்வு. எழுத்து, எண், வடிவங்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள், பொருள்களை வகைப்படுத்துதல் ஆகியவற்றில் கேள்விகள். அதிகம் பார்த்த பிள்ளைகள் அதிகம் கற்றிருந்தார்கள். அதிகம் பார்த்த மூன்று வயதினர், குறைவாகப் பார்த்த ஐந்து வயதினரையே மிஞ்சினார்கள்!

வெற்றி என்று கைதட்டலாமா? பொறுங்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். நிகழ்ச்சியை அதிகம் பார்க்கும் பிள்ளை யார்? அக்கறையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்கும் அம்மா உள்ள பிள்ளையாக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் கற்றுக்கொடுத்தது பறவையா, அம்மாவா? தாமஸ் குக் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1975-ல் இதே கேள்வியை எழுப்பினார்கள். ஊக்குவிப்பார் இல்லாத பிள்ளைகளிடம் பலன் குறைவு என்றும், வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பார்ப்பதால் ஏழை, பணக்காரப் பிள்ளைகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறையாது என்றும் வாதிட்டார்கள்.

தோட்டத்தில் இப்படிச் சோதிப்பது எளிது. ஒரு பாத்திக்கு உரம் போடுகிறோம், மறு பாத்திக்குப் போடுவதில்லை. பிறகு ஒப்பிடுகிறோம். நிகழ்ச்சியைப் பார்க்காத ஒரு பாத்தியை எங்கே தேடுவது? பார்க்கச் சொல்லாத பிள்ளைகளும் ஆவலோடு பார்த்துவிட்டார்களே!

அலைகள் நடத்திய சோதனை

அந்தப் பாத்தியை வானொலி அலைகளே வகுத்து வைத்திருந்தன என்பது நெடுங்காலம் கழித்துத்தான் தெரிந்தது. மெலிசா கியர்னி, பிலிப் லெவைன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கண்டுபிடித்த உத்தி இது. அவர்களுடைய ஆய்வு 2019-ல் வெளியாயிற்று.

அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2 முதல் 13 வரையுள்ள அலைவரிசைகள் வி.எச்.எப். வகை. 14-க்கு மேற்பட்டவை யூ.எச்.எப். வகை. பாஸ்டன் நகரில் செசமி ஸ்ட்ரீட் 2-ஆம் அலைவரிசையில் வந்தது. அதன் அலைநீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம். வாஷிங்டன் நகரில் 26-ஆம் அலைவரிசை. அதன் அலைநீளம் ஏறக்குறைய 55 சென்டிமீட்டர்தான். நீண்ட அலைகள் மலை, கட்டிடம் போன்ற தடைகளை ஓரளவு வளைந்து சுற்றிச் செல்லும். குட்டை அலைகளுக்கு அவை நிழல் வீழ்த்திவிடும். அதோடு, 1964-க்கு முன் செய்யப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் யூ.எச்.எப். அலைகளைப் பிடிக்கும் வசதியே கிடையாது.

ஆகவே ஓர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறவை பளிச்சென்று தெரிந்தது. வேறோர் ஊரில் திரை முழுதும் புள்ளிமழை. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரே நிகழ்ச்சியைப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். எந்த ஊருக்கு எந்த அலைவரிசை என்பதை அங்குள்ள அம்மாக்களின் அக்கறை தீர்மானிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அரசு அதைப் பங்கிட்டு முடித்திருந்தது. பார்த்தீர்களா! யாரும் திட்டமிடாமலே இரண்டு பாத்திகள் தயார். இதை இயற்கைச் சோதனை என்பார்கள்.

1969-ல் பள்ளிக்குச் செல்லாத வயதிலிருந்த பிள்ளைகள் பிற்பாடு எந்த வகுப்பில் இருந்தார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அலை நன்றாக எட்டிய ஊர்ப் பிள்ளைகள், வயதுக்குரிய வகுப்பைவிடப் பின்தங்கும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் பெற்றவர்களில் ஆண்பிள்ளைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், வறுமை மிக்க பகுதிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். யாருக்காக நிகழ்ச்சி தொடங்கப்பட்டதோ அவர்களுக்கே அது உதவியிருந்தது! ஆனால் அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போனபின் வருமானம் கூடிற்றா என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மற்ற நாடுகளிலும் அந்தத் தெரு கிளை விட்டது. மெக்சிகோவிலும் பிரேசிலிலும் 1972-ல் தொடங்கியது. இந்தியாவில் 2006-ல் 'கலி கலி சிம் சிம்' என்ற பெயரில் இந்தி மொழியில் வந்தது. 15 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2013-ல் வெளியாயிற்று. பார்த்த குழந்தைகள் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் முன்னேறியிருந்தார்கள் என்பதே அதன் முடிவும். ஆக, அந்த முதியவர்களின் இனிய நினைவு வெறும் பஞ்சுமிட்டாய் அல்ல.

நீங்களும் செய்து பார்க்கலாம்

பால்மரின் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் நான்கைந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் போதும். பத்து நிமிடக் கதை ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீங்கள் கதை சொல்லுங்கள். உங்கள் நண்பர் கைக்கடிகாரத்தோடு ஓர் ஓரமாக உட்காரட்டும். பத்து வினாடிக்கு ஒரு முறை, குழந்தை உங்களைப் பார்த்தால் 1, வேறெங்காவது பார்த்தால் 0 என்று அவர் குறிக்க வேண்டும். மொத்தம் 60 குறிகள் கிடைக்கும். இதே கதையை இன்னும் நான்கைந்து குழந்தைகளுக்குத் தனித்தனியே சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் எத்தனை 1 என்று கூட்டி, கட்டமிட்ட தாளில் வரைபடம் வரையுங்கள்.

நீங்கள் மிகவும் ரசித்துச் சொன்ன இடத்திலேயே பள்ளத்தாக்கு விழுந்திருக்கக்கூடும். குழந்தைகள்மேல் கோபப்படாதீர்கள், அந்த இடத்தை மட்டும் மாற்றி, வேறு குழந்தைகளிடம் மறுபடி சொல்லிப் பாருங்கள். கோடு மேலே ஏறுகிறதா?